புழுங்கல் அரிசியும் நரம்பு நோயும்: பேராக் தோட்டத் தமிழர் வரலாற்றில் ஓர் இயல்

முன்னுரை

மலாயாத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கப்பல் பயணம், கங்காணி முறை, கூலி உயர்வுப் போராட்டம், தமிழ்ப்பள்ளி, கோயில் முதலியவற்றையே பெரும்பாலும் சான்றுகளாகக் கொள்வர். அம்மக்கள் நாள்தோறும் உண்ட சோறு ஒரு வரலாற்றுச் சான்றாக எண்ணப்படுவது அரிது. ஆயினும் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்நாட்டில் பல்லாயிரவரை முடமாக்கியும் மாய்த்தும் வந்த ஒரு நரம்பு நோயின் காரணத்தை மருத்துவ உலகம் கண்டறிவதற்குத் தமிழ்த் தொழிலாளரின் சோற்றுப் பானையே முதன்மையான தடயங்களுள் ஒன்றாக அமைந்தது. அந்நோய் பெரிபெரி என்பதாகும்.

ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்களும் இரப்பர்த் தோட்டங்களும் அடுத்தடுத்து அமைந்திருந்தன. சுரங்கத்தில் சீனரும் தோட்டத்தில் தமிழரும் உழைத்தனர். இரு சாராரும் அரிசியையே உண்டனர். எனினும் நோய் ஒரு சாராரை வாட்டியது. மற்றவரைப் பெரிதும் தொடாமல் சென்றது. இவ்வேறுபாடு எவ்வாறு அறியப்பட்டது, அது மூளை, நரம்பு ஆகியன பற்றிய அறிவுக்கு எவ்வாறு துணைசெய்தது, அக்காப்பு பின்னர் எவ்வாறு குலைந்தது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நோயின் இயல்பு

பெரிபெரி என்னும் பெயர் தளர்ச்சியைக் குறிக்கும் சிங்களச் சொல்லின் இரட்டிப்பு எனப் பொதுவாகக் கூறுவர். இந்நோய் இரு வகையில் வெளிப்படும். உலர் பெரிபெரியில் கால் விரல்கள் மரத்துப்போகும். கெண்டைக்கால் தசை தொட்டால் நோகும். பாதம் தொங்கிப்போய் நடையில் இழுபடும். பின்னர்க் கைகளும் வலுவிழக்கும். ஈரப் பெரிபெரியில் கால்களும் உடலும் நீர்கோத்து வீங்கும். நெஞ்சு படபடத்து இதயம் தளர்ந்து மரணம் திடீரென நேர்தலும் உண்டு.

இதன் காரணத்தை இன்று நாம் தெளிவாக அறிவோம். தயமின் எனப்படும் பி-1 உயிர்ச்சத்தின் குறைவே அது. நாம் உண்ணும் மாவுச்சத்து சர்க்கரையாகி, உயிரணுக்களில் ஆற்றலாக மாறுவதற்குத் தயமின் இன்றியமையாதது. மூளையும் நரம்பும் ஆற்றலுக்குச் சர்க்கரையையே பெரிதும் நம்பியிருப்பதால் இக்குறைவினால் அவை விரைவில் பழுதுறுகின்றன. உடலின் மிக நீண்ட நரம்புகள் கால்களுக்குச் செல்வன ஆதலின் நோய் பாதத்தில் தொடங்குகிறது. ஒரு நாளைக்குத் தேவைப்படும் தயமின் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் மட்டுமே. எனினும் உடல் அதனைச் சில வாரங்களுக்கு மேல் சேமித்து வைப்பதில்லை.

நெல்மணியில் இச்சத்து பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் உள்ளது. ஆலையில் வெண்மையாகத் தீட்டப்படும் பச்சரிசி தவிட்டோடு இதனையும் இழந்துவிடுகிறது. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திய பின் குத்தும்போது நிலை வேறு. அவிக்கும்போது சத்தின் ஒரு பகுதி நீரோடு மணியின் உள்ளே இறங்குகிறது. மாவுப்பொருள் இறுகிவிடுவதால் பின்னர்த் தீட்டினாலும் கழுவினாலும் அது எளிதில் நீங்குவதில்லை. புழுங்கல் அரிசியின் சிறப்பு இதுவே.

கிந்தாவின் சுரங்கமும் தோட்டமும்

1880-களில் கிந்தாவில் ஈயப் படிவுகள் பெருமளவில் தோண்டப்படத் தொடங்கியபோது சீனத் தொழிலாளர் திரள் திரளாக வந்தனர். அவர்களுக்கு உணவையும் அபினியையும் முன்பணமாகத் தந்தவர் சுரங்க முதலாளிகளும் கடைக்காரர்களுமே. நெடுநாள் கெடாமல் இருக்கும் தீட்டிய வெள்ளரிசி, உப்பிட்ட காய், கருவாடு ஆகியவையே பெரும்பாலும் அவ்வுணவாக இருந்தன. பேராக்கின் சுரங்க வட்டாரங்களில் மிகுதியான உயிரிழப்பை விளைவித்த நோய்களுள் பெரிபெரியும் ஒன்றாயிற்று.

அதே மாநிலத்தின் கோலகங்சாரில் 1877-இல் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் சுங்கை சிப்புட், பத்து காஜா, தெலுக் இந்தான் முதலிய வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தென்னிந்தியத் தொழிலாளர் கங்காணிகள் வழியாகக் கொண்டுவரப்பட்டனர். இவர்கள் தம் ஊரில் உண்டு பழகிய புழுங்கல் அரிசியையே இங்கும் விரும்பினர். இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் அவ்வரிசி இறக்குமதியாயிற்று. சோறு வடித்த கஞ்சியைக் குடிப்பதும் இரவுச் சோற்றில் நீர் ஊற்றிவைத்துக் காலையில் நீராகாரத்தோடு உண்பதும் லயத்து வாழ்க்கையில் இயல்பாக இருந்தன. தயமின் நீரில் கரையும் தன்மையது. எனவே கஞ்சியை வீணாக்காத பழக்கமும் ஓரளவு நன்மை பயத்திருக்க வேண்டும்.

இதனைக் கொண்டு தோட்டத் தமிழர் நலமாக வாழ்ந்தனர் என முடிவு செய்தல் பிழையாகும். புதிதாகக் காடழித்த தோட்டங்களில் மலேரியாவும் கொக்கிப்புழு நோயும் வயிற்றுப்போக்கும் அவர்களைப் பெருமளவில் கொன்றன. ஒரு நோயிலிருந்து மட்டும் அவர்களைக் காத்தது அவர்களுடைய உணவுப் பழக்கம். அக்காப்பு நிருவாகத்தின் கருணையால் வந்ததன்று.

பிராடனின் நோக்கு

1896-இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் கூட்டரசு மலாய் மாநிலங்களாக இணைக்கப்பட்டன. ஆதலால் பேராக்கின் சுரங்கங்களிலும் மருத்துவமனைகளிலும் காணப்பட்ட சிக்கலுக்கான விடை அண்டை மாநிலங்களில் நிகழ்ந்த ஆய்வுகளின் வழியே கிடைத்தது.

அக்காலத்தில் நுண்ணுயிர்க் கொள்கை மேலோங்கியிருந்தது. எந்நோய்க்கும் ஒரு கிருமி இருத்தல் வேண்டும் என மருத்துவர் கருதினர். 1900-இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், பெரிபெரி குடலின் வழித் தொற்றும் நோய் என்றே எழுதினார். சிறைக்கூடமும் குடிசையும் நோயின் உறைவிடங்களாகக் கருதப்பட்டன.

நெகிரி செம்பிலானின் மாநில மருத்துவராகப் பணியாற்றிய லெனார்டு பிராடன் வேறொரு வழியில் சிந்தித்தார். ஒரே தட்பவெப்பத்தில் வாழும் மூவினத்தாருள் சீனர் மட்டும் இந்நோயால் மிகுதியாகத் தாக்கப்படுவது ஏன் என அவர் வினவினார். மலாய்க்காரர் தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது வீட்டில் குத்தி உண்டனர். தமிழர் புழுங்கல் அரிசியை உண்டனர். சீனர் தீட்டிய வெள்ளரிசியை உண்டனர். இவ்வேறுபாட்டை விரிவாக எடுத்துக்காட்டி 1907-இல் பெரிபெரியின் காரணமும் தடுப்பும் பற்றிய நூலொன்றை அவர் வெளியிட்டார். பழைய வெள்ளரிசியில் ஒரு நஞ்சு தோன்றுகிறது என்பது அவர் கொண்ட விளக்கம். விளக்கம் பிழையாயினும் அவர் கண்ட வேறுபாடு உண்மையானது.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. பிராடனின் வாதத்தில் தமிழர் ஒப்புநோக்குக் குழுவாகவே இடம்பெறுகின்றனர். நோயுறாதவர் என்பதால் அவர்கள் மருத்துவ ஆவணத்தில் பெயரின்றி நிற்கின்றனர். ஆயினும் அவர்கள் இல்லையேல் நோய் அரிசியால் வருவதன்று என வாதிடுவோரை மறுப்பது எளிதாக இருந்திராது. அரிசி உண்போர் அனைவரும் நோயுறவில்லை. ஒரு வகையாகப் பதப்படுத்திய அரிசியை உண்டவரே நோயுற்றனர் என்பதற்கு அவர்களே வாழும் சான்றாயினர்.

காப்பகத்திலும் காட்டுச் சாலையிலும் நிகழ்ந்த சோதனைகள்

வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் 1905-ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூர் மனநோயர் காப்பகத்தில் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகள் வரிசையாக நிறுத்தப்பட்டு எண்ணிடப்பட்டனர். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு கூடத்திலும் இரட்டைப்படை எண்ணினர் மற்றொரு கூடத்திலும் வைக்கப்பட்டனர். ஒரு சாராருக்குச் சயாம் வெள்ளரிசியும் மறு சாராருக்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் வழங்கப்பட்டன. நோய் கட்டடத்தைப் பற்றியதோ என ஐயுற்று, இடையில் இரு சாராரையும் கூடம் மாற்றியும் பார்த்தார். நோய் அரிசியைத் தொடர்ந்து சென்றதே அன்றிக் கூடத்தைத் தொடரவில்லை. 1906-ஆம் ஆண்டின் முடிவில் வெள்ளரிசி உண்ட 120 பேரில் பலர் நோயுற்றிருந்தனர். அவர்களுள் 18 பேர் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் இருவரிடமே நோய் காணப்பட்டது. அவ்விருவரும் காப்பகத்திற்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். அக்கூட்டத்தில் பெரிபெரியால் எவரும் இறக்கவில்லை. இம்முடிவு 1907-இல் லான்செட் இதழில் வெளிவந்தது.

அடுத்து, ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டேண்டனும் நெகிரி செம்பிலானின் ஜெலுபு வட்டாரத்தில் சாலை அமைத்துக்கொண்டிருந்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளரிடம் இச்சோதனையை மீண்டும் செய்தனர். மக்கள் வாழ்ந்திராத காட்டுப்பகுதியைத் தேர்ந்ததால் பழைய தொற்று என்னும் ஐயத்திற்கு இடமில்லாது போயிற்று. அங்கும் வெள்ளரிசி உண்டவரிடையே நோய் தோன்றியது. புழுங்கல் அரிசி உண்டவரிடையே தோன்றவில்லை. 1909-இல் இதனை வெளியிட்ட அவ்விருவரும், தீட்டும்போது நீங்கும் தவிட்டிலேயே காக்கும் பொருள் உள்ளது என மேலாய்வால் நிறுவினர். 1910-இல் மணிலாவில் கூடிய தூரக்கிழக்கு வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளரிசியைத் தொடர்ந்து உண்பதே பெரிபெரிக்குக் காரணம் எனத் தீர்மானித்தது.

இச்சோதனைகளின் பயனைப் போற்றும் நாம் அவற்றின் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. காப்பகத்தில் இருந்தோர் தம் விருப்பத்தைக் கூறும் நிலையில் இல்லாதோர். எந்த அரிசி தமக்கு அளிக்கப்படுகிறது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. மாண்ட அப்பதினெண்மரின் உயிரே அவ்வறிவுக்குக் கொடுக்கப்பட்ட விலை. 1911-இல் ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தானில் மத்திய மனநல மருத்துவமனை திறக்கப்பட்டு, நான்கு மாநிலங்களின் மனநோயர்க்கும் அதுவே பொதுவான இடமாயிற்று. இன்று உலு கிந்தா பகாகியா மருத்துவமனை என வழங்கும் அந்நிறுவனத்தின் முன்வரலாற்றில் கோலாலம்பூர்க் காப்பகத்தின் இந்நிகழ்ச்சியும் சேர்த்து எண்ணப்படல் வேண்டும்.

உலக ஆய்வோடு இணைதல்

மலாயாவில் நிகழ்ந்தவை தனித்த நிகழ்ச்சிகள் அல்ல. 1890-களில் பத்தாவியாவில் கிறிஸ்தியான் எய்க்மான் என்னும் டச்சு மருத்துவர், வெள்ளரிசிச் சோறு உண்ட கோழிகளின் கால்கள் செயலிழப்பதையும் தவிடு நீங்காத அரிசியால் அவை தேறுவதையும் கண்டிருந்தார். 1901-இல் கெரிட் கிரைன்ஸ் இதனை உணவில் ஏதோ ஒன்றன் குறைபாடாக விளக்கினார். 1912-இல் காசிமிர் பங்க் என்பார் இத்தகு பொருள்களுக்கு வைட்டமின் என்னும் பெயரை முன்மொழிந்தார். 1926-இல் யான்சனும் டோனத்தும் அரிசித் தவிட்டிலிருந்து அப்பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1929-இல் எய்க்மானுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1936-இல் தயமினை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கியவர் இராபர்ட் வில்லியம்ஸ். சமயப் பணியாளரான அமெரிக்கப் பெற்றோருக்கு மகனாக அவர் 1886-இல் பிறந்த ஊர், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் ஆகும்.

நோபல் பரிசுக்கு வழிவகுத்த அறிவு வரலாற்றில் கோழிகளுக்கு இடமுண்டு. புழுங்கல் அரிசி உண்ட தொழிலாளருக்கு இடம் அரிதாகவே உண்டு. தமிழர் இவ்வுயிர்ச்சத்தைக் கண்டுபிடித்தனர் என நாம் கூற முற்படவில்லை. நெல்லை அவித்தோர் பூச்சி அண்டாமை, குத்தும்போது நொறுங்காமை, வயிற்றுக்கு இசைவு முதலிய காரணங்களுக்காகவே அவித்தனர். காரணம் அறியாது காத்துவந்த ஒரு நற்பழக்கத்தை அறிவியல் பின்னர் விளக்கிக் காட்டியது என்பதே நேர்மையான கூற்றாகும்.

காப்புக் குலைந்த காலம்

பழக்கத்தால் அமைந்த காப்பு, பழக்கம் முறிந்தபோது முறிந்தது. 1941-ஆம் ஆண்டு திசம்பரில் சப்பானியப் படை மலாயாவுக்குள் புகுந்தது. அரிசி இறக்குமதி சீர்குலைந்தது. பேராக்கின் தோட்டங்களிலும் நகரங்களிலும் மரவள்ளிக் கிழங்கே சோற்றுக்கு மாற்றாயிற்று. தயமின் குறைந்த அக்கிழங்கை மட்டும் நம்பி வாழ்ந்தோரிடையே சத்துக்குறை நோய்கள் பரவின. சயாம்-பர்மா இரயில்பாதைக்கென மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். அங்குக் கிடைத்த சிறிதளவு தீட்டிய அரிசி, வாந்திபேதி, மலேரியா, சீதபேதி ஆகியவற்றோடு பெரிபெரியும் சேர்ந்து அவர்களை மாய்த்தது. புழுங்கல் அரிசியால் முன்பு காக்கப்பட்ட மக்களே இப்போது அந்நோய்க்கு இரையாயினர். நோய்க்காப்பு இனத்தின் இயல்பன்று, உணவின் இயல்பே என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா.

இதே காலத்தில் மூளை பற்றிய ஓர் உண்மையும் வெளிப்பட்டது. 1881-இல் செருமானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே, கண்ணசைவுக் கோளாறு, தள்ளாட்டம், மனக்குழப்பம் ஆகியவற்றோடு கூடிய ஒரு மூளை நோயை விளக்கியிருந்தார். அது பெரும்பாலும் குடிப்பழக்கத்தோடு தொடர்புறுத்தப்பட்டது. சிங்கப்பூரில் சிறைப்பட்ட பிரித்தானியப் படையினரிடையே, மதுவே கிட்டாத நிலையிலும், வெள்ளரிசி உணவு தொடங்கிய சில வாரங்களில் இந்நோய் தோன்றியது. சிறைப்பட்டிருந்த மருத்துவர்களான டி வார்டனரும் லெனாக்சும் 52 நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளை எழுதி மறைத்துக் காத்து, 1947-இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். தயமின் செலுத்தியவுடன் நோயாளிகள் தேறியதால், இது மூளையைத் தாக்கிய பெரிபெரியே என்பது உறுதியாயிற்று.

இன்றைய பொருத்தம்

இன்று பலவகை உணவு கிடைப்பதால் பழைய பெரிபெரி அருகிவிட்டது. எனினும் தயமின் குறைவு முற்றும் மறையவில்லை. அதற்கு இன்றுள்ள பெருங்காரணங்களுள் ஒன்று மிகுதியான குடி. மது, குடல் தயமினை ஏற்பதைத் தடுக்கிறது. குடிப்பவர் உணவையும் குறைத்துக்கொள்கிறார். தோட்டத்துக் கள்ளுக்கடையும், பின்னாளில் மலிவாகக் கிடைத்த சம்சுவும் நம் சமுதாயத்தில் விளைத்த கேடுகள் பலரும் எழுதியவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போனபின், வேலையும் வீடும் இழந்து நகர்ப்புற ஓரங்களுக்குக் குடிபெயர்ந்தோரை அப்பழக்கம் தொடர்ந்து சென்றது. இதனைக் குடும்ப ஒழுக்கம், பொருளாதாரம் என்னும் இரு கோணங்களிலேயே நோக்கிவந்துள்ளோம். மூளை, நரம்பு ஆகியவற்றின் கோணத்திலும் நோக்குதல் வேண்டும்.

வெர்னிக்கே நோயின் மூன்று குறிகளும் ஒருங்கே தோன்றுவோர் சிறுபான்மையினரே. தள்ளாட்டமும் குழப்பமும் மட்டும் இருப்பின், குடித்திருக்கிறார் என்று கூறி வீட்டாரும் பிறரும் ஒதுக்கிவிடுதல் எளிது. குடிக்காத நாளிலும் நடை தள்ளாடுமாயின், கண் நிலைகொள்ளாது துடிக்குமாயின், பேச்சு குழம்புமாயின் அது மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டிய நிலையாகும். தயமின் ஊசி விலை மலிந்தது. உரிய நேரத்தில் செலுத்தினால் பெரும்பயன் தருவது. காலம் தாழ்த்தினால், 1887-இல் உருசிய மருத்துவர் கோர்சகாவ் விளக்கிய மறதிநோய் எஞ்சும். அந்நோயாளி இளமைக்கால நிகழ்ச்சிகளைக் கூறுவார். காலையில் வந்து சென்றவரை நினைவுகூர மாட்டார். நினைவின் வெற்றிடத்தைத் தாமே புனைந்த செய்திகளால் நிரப்புவார். அவர் பொய்யர் அல்லர். மூளையின் பழுதை ஒழுக்கக்கேடாகக் கருதும் குடும்பம், தனக்கும் அவருக்கும் துன்பத்தையே பெருக்கிக்கொள்கிறது. கால் நரம்பு பழுதுற்றவர் தேறுவதற்குப் பல மாதங்கள் ஆகலாம். நடைப்பயிற்சியும் சத்துணவும் பொறுமையும் வேண்டும்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் கருத்துகள் மூன்று. முதலாவது, தோட்டத் தமிழரின் உணவுப் பழக்கம் வரலாற்றாய்வுக்குரிய சான்று. தோட்டத்தில் வளர்ந்த முதியோரிடம் ஊர், கப்பல், கூலி ஆகியவற்றைக் கேட்டுப் பதிவுசெய்யும் மாணவர், எந்த அரிசியை உண்டீர்கள், கஞ்சியை என்செய்தீர்கள், சப்பானியர் காலத்தில் எதை உண்டீர்கள் என்றும் கேட்டல் வேண்டும். அவ்விடைகளை அறிந்தோர் குறைந்துவருகின்றனர். இரண்டாவது, மருத்துவ அறிவின் வரலாற்றில் ஆய்வாளரின் பெயரோடு ஆய்வுக்குட்பட்டோரும் இடம்பெறல் வேண்டும். சீனச் சுரங்கத் தொழிலாளர், காப்பகத்து நோயாளிகள், சாவகச் சாலைப் பணியாளர், தமிழ்த் தோட்டத் தொழிலாளர் ஆகிய அனைவரும் சேர்ந்தே அவ்வறிவை ஈட்டித் தந்தனர். மூன்றாவது, பழக்கத்தால் வந்த நன்மை அறிவாக மாறாதவரை நிலையானதன்று. நம் முன்னோர் காரணம் அறியாது காக்கப்பட்டனர். சோறு மாறியபோது காப்பையும் இழந்தனர். காரணம் அறிந்த நாம், தள்ளாடும் ஒருவரைக் கண்டு முகந்திருப்பும் முன், அவர் உண்டாரா என்று வினவக் கடமைப்பட்டுள்ளோம்.